நாலாவது மிதி

இந்த முதுகு ஒரு காலத்தில் சித்தூர் வெல்ல மண்டியில் பேர் வாங்கிய முதுகு. மற்றவர்கள் ஒரு மூட்டையோடு பலகை ஏறி லாரிக்குள் போவார்கள். பந்தயம் கட்டினால் நான் இரண்டோடு ஏறுவேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கையகல நிலம்கூட இல்லாத வீட்டில் பிறந்தவன். இன்றைக்குத் திருப்பதியில் மூன்று மாடி வீடு, ஓட்டத்தில் நான்கு லாரி. டிகிரி படித்த பிள்ளைகள் ஆபீசில் என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறார்கள். இதெல்லாம் யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை, இந்த முதுகு கொடுத்தது என்று கல்யாண வீடுகளில், பஞ்சாயத்துகளில், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அப்படிப்பட்ட முதுகை ஒரு சோப்புக்கட்டி சாய்த்துவிட்டது.

போன வருஷம். குளித்துக்கொண்டிருந்தேன். சோப்பு கைநழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். இடுப்புக்குள் யாரோ ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி ஒரு முறுக்கு. அவ்வளவுதான், நிமிர முடியவில்லை. வீட்டுக்காரி வெளியே இருந்து கதவைத் தட்டினாள்.

"இன்னா இன்னும் குளிச்சிக்கினே கீற?"

"சோப்பு தேடிக்கினு கீறேன், போ."

"அர மணி நேரமாவா?"

கடைசியில் டிரைவரும் அவளும் சேர்ந்து என்னை வெளியே கொண்டுவந்தார்கள். பீரோ கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே நேராக நிற்கிறேன். இடுப்புக்கு மேலே உடம்பு இடது பக்கம் ஒதுங்கிச் சாய்ந்திருக்கிறது, காற்றடித்த வாழை மாதிரி. வலியைவிட அந்தச் சாய்வுதான் எனக்கு உடம்பெல்லாம் வேர்க்க வைத்தது. அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். இன்னொரு மனிதனின் உடம்பில். அவனுக்கு நான் என்ன செய்தேன் என்பதை அதுவரை அவனிடமே சொன்னதில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலை முதலில் வராமல் கால் முதலில் வெளியே வந்து பிறந்தவனுடைய காலில் மருந்து இருக்கும் என்பார்கள். இடுப்பு பிடித்துக்கொண்டால் அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு, குப்புறப் படுத்துக்கொண்டு, முதுகில் காலை வைக்கச் சொல்வார்கள். நான் கால் முதலில் வந்தவன். அம்மாவை இரண்டு நாள் படுத்தி எடுத்து வந்தேனாம். முறையைச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, வெறும் வயிற்றில், இடது காலால், கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் மூன்று முறை.

"தடவணும்டா, மிதிக்கக் கூடாது. மூணு தபாக்கு மேல காலு வைக்காத" என்பாள்.

மண்டிக்கு வந்த பிறகு தடவல் எடுபடவில்லை. ஹமாலிகள், மூட்டை தூக்குகிறவர்கள், எல்லாருக்கும் இடுப்புதான் பிழைப்பு. ஒருவன் மாற்றி ஒருவன் வந்து படுப்பான். "இன்னாடா பூனை நடக்கற மாதிரி நடக்கற? வெயிட் போட்டு மிதிடா!" என்று கத்துவான். நான் வெயிட் போட்டு மிதித்தேன். சடசடவென்று சத்தம் வரும். எழுந்து இடுப்பை ஆட்டிப் பார்த்துவிட்டு, "போச்சுடா!" என்று மூட்டைக்குப் போய்விடுவான். கங்காதர நெல்லூரிலிருந்து கரும்புக்காரர்கள் சைக்கிளில் தேடி வந்தார்கள். ஊசி போடுகிற டாக்டரே என்னிடம் படுத்திருக்கிறார் என்றால் நம்புவீர்களா? படுத்தார். மிதிப்பதில் அம்மா சொன்னதை மீறினேனே தவிர, மூன்று என்ற கணக்கை மட்டும் மீறியதில்லை. ஒரே ஒரு தடவையைத் தவிர.

மாமன் மகன் ஒருவன் எனக்கு உண்டு. ஒரே ஊர், பிச்சாட்டூர் ஏரிப் பக்கம். ஒரே வருஷத்தில் பிறந்தோம், ஒன்றாகவே மண்டிக்கு வந்தோம். மூட்டையை ஒரு பக்கம் அவன் பிடிப்பான், மறுபக்கம் நான். அவன் பிடித்தால் மூட்டை முதுகில் பூ மாதிரி உட்காரும். மண்டியில் எங்களை ஜோடி மாடு என்பார்கள். என்னைவிட அவன் முதுகுதான் நல்ல முதுகு. இதை இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

அது வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு நாட்டின் கதவைத் திறந்துவிட்ட காலம். மண்டிச் சுவரில் கலர் டிவி விளம்பரம் வந்தது. எங்கள் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் குவைத் என்று ஆனது. காளஹஸ்தியில் இருந்த ஒரு ஏஜென்டிடம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் போனோம். ஒரே ஸ்டுடியோவில் போட்டோ எடுத்தோம். ஒரே சட்டை. அவன் போட்டுக் கழற்றி எனக்குக் கொடுத்தான். பாஸ்போர்ட்டும் இரண்டு பேருக்கும் வந்தது. விசா அவனுக்கு மட்டும் வந்தது.

"இன்னா மச்சான், மூஞ்சி செத்துப் போச்சு?" என்றான்.

"யாருக்கு? எனக்கா? நீ போய் அங்க எடம் புடிச்சி வை, நான் அப்பால வர்றேன்."

சிரித்தேன். வாய்தான் சிரித்தது.

அவனுக்கு மெட்ராஸில் மெடிக்கல் பரிசோதனை திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை மண்டியில் அவனுக்குக் கடைசி லோடு. பலகையில் கால் வழுக்கி, மூட்டையைக் கீழே விடாமல் ஒரு திருகு திருகி நின்றுவிட்டான். எல்லாரும் கை தட்டினார்கள். இறங்கி வரும்போது அவன் முகம் சாம்பல் பூத்திருந்தது. சனிக்கிழமை அவனால் உட்கார முடியவில்லை. நின்றால் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். முதுகெலும்புக்கு ஒரு பக்கத்துச் சதை முறுக்கின தாம்புக்கயிறு மாதிரி எழுந்து நின்றது. விரலால் அழுத்தினேன். கல்.

"காலு வரைக்கும் கரண்ட் போவுது மச்சான்" என்றான்.

அந்த ஒரு வார்த்தையை நான் காதில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் பிடிப்பு. பிடித்திருந்தால் விடுவிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வீட்டு வாசலில் அவன் சம்சாரம் பாய் போட்டாள். குப்புறப் படுத்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலி மேலே சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு அது பிடிக்கும்.

"நாளைக்கு நேரா நடந்து காட்டணும். நல்லா வெயிட் போடு" என்றான்.

"உன் எலும்பு தாங்குமா சொல்லு."

"நீ ஏத்தற ரெட்டை மூட்டையவே தாங்கிப் புடிச்சவன்டா நானு."

ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொன்றுக்கும் அவன் பல்லைக் கடித்தான். மூன்று முடிந்தது, காலை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. குதிகாலுக்குக் கீழே அந்தக் கயிறு அப்படியே இருந்தது. அதுவரைக்கும் எந்த முதுகும் என் காலுக்கு அடங்காமல் போனதில்லை. வேலி ஓரம் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலது காலையும் தரையிலிருந்து எடுத்தேன். முழு உடம்பும் ஒரு குதிகாலில். நாலாவது.

சத்தம் ஒன்றும் வரவில்லை. அதுதான் வித்தியாசம். கிணற்று விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறவன் கை விட்டது போல, அந்தச் சதை சட்டென்று விட்டுவிட்டது. என் கால் மெத்தைக்குள் இறங்கின மாதிரி இருந்தது.

அவன் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு கையூன்றி எழுந்தான். நேராக நின்றான்.

"டேய் மச்சான்! வலி போச்சுடா!"

அவன் சம்சாரம் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவன் அஞ்சு இட்லி தின்றான். நான் ஏழு.

மறுநாள் மெட்ராஸுக்கு நானும் கூடப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி முன்னால் நடந்துகொண்டிருந்தான். நான் பின்னால். அவனுடைய வலது கால் செருப்பு நடுரோட்டில் கிடந்தது. அவன் போய்க்கொண்டே இருந்தான். செருப்பு கழன்றது அவனுக்குத் தெரியவில்லை. வெறுங்காலோடு அந்தப் பாதம் தரையில் டப், டப் என்று விழுந்துகொண்டிருந்தது. முன்பாதத்தைத் தூக்க அவனால் முடியவில்லை. செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"காலு மரத்துப் போச்சு, அவ்ளோதான். பஸ்ல மடக்கிக் குந்திக்கினு வந்தேன் இல்ல" என்றான்.

பரிசோதனை செய்த டாக்டர் அவனை அந்த அறையின் குறுக்கே ஒரே ஒரு தடவை நடக்கச் சொன்னார். போதும் என்று சொல்லி, வேலைக்குத் தகுதியில்லை என்று பேப்பரில் எழுதிவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை நசுக்கியிருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்தால் பார்க்கலாம் என்றார்கள். ஆபரேஷன் செய்தால் இரண்டு காலும் போகும் என்று ஊரில் ஆளாளுக்குச் சொன்னார்கள். அவன் பயந்து ஊருக்குத் திரும்பிவிட்டான். பலகையில் வழுக்கினதால் வந்தது என்றுதான் எல்லாரும் பேசினார்கள். மிதித்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவன் போக இருந்த குவைத் வேலைக்கு ஆள் வேண்டும் என்று ஏஜென்ட் என்னிடம் வந்தான். அந்த ஊர் முதலாளியிடம் பேசி, என் பேருக்கு விசா வாங்கித் தந்தான். பஸ் ஏற்றிவிட மச்சான் வந்தான். குவைத்துக்கென்று அவன் வாங்கி வைத்திருந்த நீலப் பெட்டியை என் கையில் கொடுத்தான்.

"இத்த எங்க வச்சிக்கினு நானு இன்னா பண்ணப்போறேன்? நீயாவது போ" என்றான்.

வாங்கிக்கொண்டேன்.

குவைத்தில் ஒரு கிடங்கில் பதினொரு வருஷம். மூட்டை தூக்கினேன், பிறகு தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரி ஆனேன், பிறகு ஆள் அனுப்புகிறவனானேன். அரபி பேசுவேன், இந்தி பேசுவேன், மலையாளி என்னைத் தன் ஊர்க்காரன் என்று நினைப்பான். இதையெல்லாம் நீட்டி எழுத ஆசைதான். ஆனால் அந்தப் பதினொரு வருஷத்தில் என் காதில் தங்கியது ஒரு சத்தம்தான்.

ஊனமுற்றோர் கோட்டாவில் மச்சானுக்கு எஸ்.டி.டி. பூத் கிடைத்திருந்தது. எங்கள் தெருவிலேயே, என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. வெள்ளிக்கிழமைதோறும் நான் அங்கேதான் போன் செய்ய வேண்டும். எடுப்பது அவன்.

"இன்னா குவைத்து, சாப்டியா? காலு போச்சு, போன் வந்திச்சு பாத்தியா எனக்கு? லைன்ல இரு, தங்கச்சிய இட்டுக்கினு வர்றேன்."

ரிசீவரை மேஜை மேல் வைப்பான். பிறகு கேட்கும். ஒரு காலடி, ஒரு டப். ஒரு காலடி, ஒரு டப். கதவு வரைக்கும். பிறகு தெருவில், மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டே. கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு திரும்பி வரும். டப். டப். வீட்டுக்காரி கொலுசுச் சத்தத்துக்கு முன்னால் அதுதான் வரும். ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துவிடலாம். ஒரு வெள்ளிக்கிழமைகூட எடுத்ததில்லை.

நாளாக நாளாகப் போன் இல்லாமலேயே கேட்க ஆரம்பித்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு, கிடங்கில் ஐம்பது பேர் வேலை செய்யும்போது, அரிசி மூட்டை அடுக்குக்குப் பின்னால் கேட்கும். போய்ப் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள். ஊர் திரும்பித் திருப்பதியில் வீடு கட்டின பிறகு மாடிப்படியில் கேட்டது. வருஷா வருஷம் அலிபிரியிலிருந்து மலைக்கு நடந்து ஏறுவேன். கோவிந்தா கோவிந்தா என்று ஆயிரம் பேர் போகிற படியில் எனக்குப் பின்னால் இரண்டு படி தள்ளி வரும். நின்றால் நிற்கும். இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. அதற்கப்புறம் ஒரு முதுகிலும் நான் கால் வைக்கவும் இல்லை. எத்தனையோ பேர் வந்து கேட்டார்கள். "பணம் வந்ததும் காலு மேல தூக்க மாட்டேங்குது பெரிய மனுசனுக்கு" என்று பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

சோப்பு சமாச்சாரத்துக்குப் பிறகு, பிசியோதெரபி பார்க்கும் ஒரு பெண்ணிடம் என்னை அழைத்துப் போனார்கள். சித்தூர்ப் பெண். பாதி தமிழ், பாதி தெலுங்கு. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்தாள்.

"சூடண்டி அங்கிள். இதுதான் டிஸ்க், பிதுங்கியிருக்கு பாருங்க. இந்த ரெண்டு பக்கமும் சதை. இந்தப் பக்கம் கறுப்பா இருக்கா? நல்ல சதை. அந்தப் பக்கம் வெள்ளை வெள்ளையா இருக்கே, அது கொழுப்பு. சதை வத்திப்போய் கொழுப்பு வந்து உக்காந்துகிச்சு."

கறிக்கடையில் தொங்குகிற மாதிரித்தான் இருந்தது. இரண்டு மூட்டை ஏற்றின முதுகு.

"அப்படின்னா இங்க கல்லு மாதிரி புடிச்சிக்கினு கீதே, அது இன்னா?"

"அது மேல்சதை அங்கிள். அதுதான் காவல். உள்ள டிஸ்க்குக்கு அடிபட்டதும், அது அசையக் கூடாதுன்னு சதை இறுக்கிப் புடிச்சிக்குது. கை ஒடைஞ்சா கட்டை வச்சுக் கட்டறோம் இல்ல? அந்த மாதிரி. ஆழத்துல இருக்கற சின்னச் சதை தூங்கிப் போயிடும். வலி போனாலும் தானா முழிக்காது. நாமதான் எழுப்பணும்."

 கேட்டேன்.

"அந்தக் காவல... மிதிச்சி விடுவிச்சா?"

அவள் சிரித்துவிட்டாள். "அய்யய்யோ, மிதிக்கறதா? வாசல்ல நிக்கற காவக்காரனை அடிச்சுத் தள்ளற மாதிரி அது. ஒரு நிமிஷம் வலி போன மாதிரி இருக்கும். அப்புறம் பிதுங்கினது முழுசா வந்து நரம்பு மேல உக்காரும். இந்த ஊர்ல இன்னும் யாரு அங்கிள் மிதிக்கறாங்க?"

"யாரும் இல்லம்மா" என்றேன்.

குப்புறப் படுக்கவைத்து, என் இடுப்புக்குழியில் ஒரு விரலை வைத்தாள். மூச்சை இழுக்காமல், இடுப்பைத் தூக்காமல், விரலுக்குக் கீழே இருக்கும் சதையை மட்டும் லேசாக உப்பவையுங்கள் என்றாள். செய்தேன். "இல்ல அங்கிள், ஒண்ணும் வரல." மறுபடியும் செய்தேன். "வரல." இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று நாள் போனேன். அந்த விரலுக்குக் கீழே ஒரு அரிசி அளவுக்குக்கூட என்னால் சதையை எழுப்ப முடியவில்லை. அந்தப் படுக்கையில் படுத்திருக்கும்போதெல்லாம் வெளியே வராந்தாவில் டப், டப் என்று யாரோ போய்வந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு காலை வண்டியை எடுக்கச் சொல்லி ஊருக்குப் போனேன்.

பூத் இருந்த கண்ணாடி அறையில் மச்சான் இப்போது ரீசார்ஜும் பிஸ்கட்டும் விற்கிறான். தலை முழுக்க நரைத்துவிட்டது. வலது முழங்காலுக்குக் கீழே கால் சூம்பி, வேட்டிக்கு வெளியே மூங்கில் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. நான் காரிலிருந்து இறங்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இன்னா மொதலாளி, காரு நேரா வருது, நீ கோணலா வர்ற?"

"டிஸ்க்கு."

"அடங்கொப்பன! உனக்குமா?" என்று வாய்விட்டுச் சிரித்தான். "வா குந்து. குந்த முடியாதா? நில்லு அப்போ. எனக்குத் தெரியாததா?"

நின்றுகொண்டே சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்ததை, மூட்டையை இறக்குகிற மாதிரி இறக்கினேன்.

"அன்னிக்கி நாலு தபா மிதிச்சேன் மச்சான். மூணுதான் மிதிக்கணும். உன் காலு பலகைல வழுக்கினதால போவல. என்னாலதான் போச்சு."

பிஸ்கட் பாக்கெட்டுகளை நேராக அடுக்கிக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை.

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"நாலுன்னு தெரியும். படுத்துக்கினு எண்ணிக்கினு இல்ல இருந்தேன்? மூணு முடிஞ்சா எழுந்துக்கலாம்னு எண்ணிக்கினு இருந்தவன் நானு."



"ஏன்டா இத்தினி வருசமா ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா இன்னா சொல்லுவ? வேணும்னு மிதிச்சேன்னு சொல்லுவியா, தெரியாம மிதிச்சேன்னு சொல்லுவியா?" அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "சரி, இப்போ கேக்கறேன். எதுக்குடா நாலாவது?"

சதை அடங்காத கோபம். வேலி ஓரத்துப் பெண்கள். அவன் விசா. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாமே என் காலில் இருந்தது. எது மிதித்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"தெரியல மச்சான்."

"எனுக்கும் இத்தினி நாளா தெரியல" என்றான்.  பிறகு கடைக்குப் பின்னால் கை காட்டினான். "பாய் கீது. போட்டுக் குப்புறப் படு."

"எதுக்கு?"

"படுன்றேன் இல்ல?"

படுத்தேன். சட்டையை அவனே தூக்கிவிட்டான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சூம்பின காலை இரண்டு கையாலும் எடுத்து என் முதுகில் வைத்தான். சில்லென்று இருந்தது. கனமே இல்லை. நனைந்த துணியைப் போட்ட மாதிரி இருந்தது.

கையால் பிடித்துக்கொண்டே கழுத்திலிருந்து இடுப்புக்கு இழுத்தான். "ஒண்ணு" என்றான்.

என் முதுகுச் சதை எழுந்துகொண்டது. இரண்டு மாதம் அந்தப் பெண் விரல் வைத்து எழுப்பியும் எழாத சதை, ஆழத்திலிருந்து தடதடவென்று எழுந்து இறுகியது. நான் இறுக்கவில்லை.

"ரெண்டு. இன்னாடா கல்லாட்டம் ஆவுது? செத்த காலுடா இது. இதுக்குப் போய் பயப்பட்ற?"

"மூணு."

கால் என் இடுப்பிலேயே நின்றது. பாயின் கோரையைக் கடித்தேன். மூச்சு விடவில்லை. ஸ்டூல் கிறீச்சிட்டது. காலைத் தூக்கிக் கீழே வைத்தான்.

"அவ்ளோதான். எழுந்துக்கோ, டீ போட சொல்றேன்."

உள்ளே போனான். ஒரு காலடி, ஒரு டப். இந்த முறை அது மச்சான்தான், கண்ணால் பார்த்தேன். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. டீ வந்து ஆறி ஆடை கட்டுகிற வரைக்கும் அந்தப் பாயிலேயே கிடந்தேன். முதுகுச் சதை விடவே இல்லை. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்று பிடித்துக்கொண்டிருந்தது.